ஐஸ் வாளியில் வந்த 11.5 கோடி டாலர்: பொதுமக்கள் காசு மருத்துவ ஆய்வாக மாறிய கணக்கு

2014 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 29 வரையிலான ஒரு மாதத்தில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கமான ஏ.எல்.எஸ். அசோசியேஷனுக்கு வந்த நன்கொடை 10.09 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டு இதே நாட்களில் வந்தது 28 லட்சம் டாலர்தான். தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொள்வது, அதை வீடியோ எடுத்துப் போடுவது, அடுத்து நீ செய் என்று மூன்று பேரைப் பெயர் சொல்லி இழுத்துவிடுவது. ‘ஐஸ் வாளி சவால்’ என்ற இந்த விளையாட்டு ஓய்ந்தபோது சங்கத்தின் கணக்கில் 11.5 கோடி டாலர் சேர்ந்திருந்தது. கொடுத்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர்.

விளையாட்டைப் பற்றி எழுதியாயிற்று, பேசியாயிற்று. அந்தப் பணம் பிறகு எந்த வழியாகப் போனது, யார் கையெழுத்தில் போனது, என்ன நிபந்தனையோடு போனது, எது விளைந்தது, எது விளையவில்லை என்பதைத் தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஒரு சுகாதார அறக்கட்டளை ஆய்வுக்கு எப்படி நிதி கொடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது கடினம். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அளவு தெரிந்த ஒரு தொகை வந்து விழுந்தது. அதன் தடத்தைப் பத்தாண்டு பின்தொடர முடிகிறது.

நோயின் நிலை, 2014

ஏ.எல்.எஸ். நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இயக்க நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை கால், பேச்சு, விழுங்குதல் என்று போய் கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். பெரும்பாலானோருக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகள். 2014-ல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி பெற்றிருந்த மருந்து ஒன்றே ஒன்று: 1995-ல் வந்த ரிலுசோல். அது ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கும், அவ்வளவுதான்.

நோயாளிகள் குறைவு, நோய்க்காலம் குறுகியது, பல நோயாளிகளில் நோயின் காரணமே தெரியாது. மருந்துக் கம்பெனி தானாக இறங்கிவரும் களம் இல்லை இது. அரசு நிதியோ, ஓரளவு நிரூபணம் கையில் இருக்கும் ஆய்வுக்குத்தான் எளிதில் கிடைக்கும். ஆய்வகத்தில் ஒரு கருத்து முளைப்பதற்கும் அதை நம்பி ஒரு கம்பெனி பணம் போடுவதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. நன்கொடைப் பணத்துக்கு உண்மையான மதிப்பு அந்தப் பள்ளத்தில்தான்.

பணம் வந்த விதம்

இந்த இயக்கத்தைச் சங்கம் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. ஐஸ் வாளி சவால் ஏற்கெனவே வேறு வேறு அமைப்புகளின் பேரில் சுற்றிக்கொண்டிருந்தது. 2014 ஜூலையில் அது ஏ.எல்.எஸ். பக்கம் திரும்பியது. நியூயார்க் மாநிலத்தின் பேட் குயின், பாஸ்டன் கல்லூரி பேஸ்பால் அணியின் முன்னாள் கேப்டன் பீட் ஃப்ரேட்ஸ் என்ற இரு நோயாளிகளின் நட்பு வட்டங்கள் அதைப் பிடித்துக்கொண்டதும் தீயாகப் பரவியது. ஃப்ரேட்ஸ் 2019 டிசம்பரில் 34 வயதில் இறந்தார். குயின் 2020 நவம்பரில் 37 வயதில்.

சிறு தொகைகளாக வரும் பணத்துக்கு ஒரு செலவு உண்டு. கொடுப்பவர் கண்ணில் அது படாது. கார்டில் வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் கட்டண நிறுவனம் ஒரு சதவீதமும் கூடவே ஒரு நிலையான சில்லறையும் பிடித்துக்கொள்ளும். வழக்கமான 2.9% கூட்டல் 30 சென்ட் என்ற விகிதத்தை எடுத்துக்கொண்டால், 100 டாலர் நன்கொடையில் 3.20 டாலர் போகும். 10 டாலரில் 59 சென்ட் போகும், அதாவது கிட்டத்தட்ட 6%. பத்துப் பத்து டாலராக வரும் கூட்டம் நூறு நூறாக வரும் கூட்டத்தைவிட விலை அதிகம். இங்கே இந்த வகையில் 20 லட்சம் டாலர் போனது, மொத்தத்தில் 2%க்குள். தர்ம அமைப்புகளுக்கான சலுகை விகிதம் பேசி வாங்கியிருந்தால் இது சாத்தியம். கூட்டம் வந்தபிறகு பேரம் பேச நேரம் இருக்காது என்பதால் இந்த ஒப்பந்தத்தை அமைதியான மாதத்தில் முடித்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் சட்டம் சார்ந்தது. நன்கொடைப் படிவத்தில் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று குறித்துக் கொடுத்தால் அது கட்டுப்பட்ட நிதி. வேறு எதற்கும் தொட முடியாது. எதுவும் குறிக்காமல் வந்தால் பொது நிதி. இயக்குநர் குழு முடிவு செய்யலாம். செல்போனில் அவசரமாகப் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் எதையும் குறிக்க மாட்டார்கள். சட்டம் விட்டாலும், கொடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வி விடாது. ‘மருந்து கண்டுபிடிக்கத்தானே கொடுத்தேன், நீங்கள் சக்கர நாற்காலி வாங்கினீர்களா?’ என்ற கேள்வி வரும். வந்தது.

இந்தப் பரபரப்புக்கு நடுவே சங்கம் ஒரு தவறும் செய்தது. ஆகஸ்ட் மாதமே ‘ஐஸ் பக்கெட் சேலஞ்ச்’ என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. போலிகள் பணம் பறிக்காமல் தடுக்க என்பது காரணம். ஊரார் தூக்கிக் கொண்டுவந்து கொடுத்ததைப் பூட்டி வைக்கப் பார்க்கிறார்கள் என்று எல்லாப் பக்கமும் திட்டு விழுந்ததும் சில நாட்களில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. நோக்கம் நியாயமாக இருந்திருக்கலாம். ஆனால் தான் தொடங்காத ஒன்றுக்குப் பட்டா கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

67 சதவீதம்

கடைசியில் குழு பிரித்த கணக்கு இது: ஆய்வுக்கு 7.7 கோடி டாலர், அதாவது 67%. நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்குமான உதவிக்கு 2.3 கோடி, 20%. பொதுமக்களுக்கும் மருத்துவர்களுக்குமான கல்விக்கு 1 கோடி, 9%. நிதி திரட்டலுக்கு 30 லட்சம். மீதி, மேலே சொன்ன கட்டண நிறுவனங்களின் 20 லட்சம்.

சவால் உச்சத்தில் இருந்தபோதே ‘73% பணம் ஆய்வுக்குப் போகவில்லை’ என்ற செய்தி இணையமெங்கும் ஓடியது. அதன் மூலம் சங்கத்தின் முந்தைய ஆண்டுச் செலவுப் பட்டியல். அந்த ஆண்டு ஆய்வுக்குப் போனது நாலில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். மீதியில் நோயாளி உதவியும் கல்வியும் பெரும்பகுதி. ‘ஆய்வைத் தவிர மற்றதெல்லாம் நிர்வாகம்’ என்று கூட்டிப் போட்டால் 73 வரும். ஓர் அறக்கட்டளையின் வரவு செலவைப் படிக்கும்போது அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. மூச்சுக் கருவியும், பேச்சு போனவருக்குத் தகவல் பலகையும் வாங்கிக் கொடுத்த செலவு நிர்வாகச் செலவு ஆகாது. ஒன்று மட்டும் உண்மை: ‘மருந்து’ என்று சொல்லிப் பணம் வாங்கும் அமைப்பு எந்தப் பங்கு எங்கே போகும் என்பதைக் கேட்கும் முன்பே பக்கத்தின் மேலேயே போட்டிருக்க வேண்டும். சங்கம் அதைப் பின்னால் செய்தது. முன்னால் செய்திருந்தால் பாதிச் சண்டை இல்லை.

ஏன் மெதுவாகக் கொடுத்தார்கள்

முந்தைய ஆண்டு சங்கத்தின் ஆய்வுச் செலவு சுமார் 70 லட்சம் டாலர். ஆக 7.7 கோடி என்பது பழைய வேகத்தில் 11 ஆண்டுச் செலவு. மறு ஆண்டே மொத்தத்தையும் இறைத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் பலர். அது தவறு.

இந்த நோயில் உருப்படியாக வேலை செய்யும் ஆய்வகங்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமாக நூற்றில் பத்துப் பதினைந்து விண்ணப்பத்துக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் திடீரென அறுபதுக்குக் கொடுத்தால், ஐம்பதாவது விண்ணப்பம் ஏன் இத்தனை நாள் வரிசையின் கீழே இருந்தது என்ற காரணமும் சேர்ந்தே வந்துவிடும். அடுத்தது ஆள். ஓர் ஆய்வக மானியத்தில் பெரிய செலவு கருவி இல்லை, சம்பளம். முனைவர் பட்டம் முடித்த ஓர் இளம் ஆய்வாளரை எடுத்தால் இரண்டு மூன்று ஆண்டு வைத்திருந்தால்தான் ஏதாவது வெளியே வரும். இரண்டாம் ஆண்டில் பணம் நின்றால் அவர் வேறு துறைக்குப் போவார். அவர் வளர்த்த செல்கள் உறைபெட்டியில் கிடக்கும். எந்தப் பெட்டியில் எது என்று தெரிந்தவரும் அவர்தான்.

பெரிய அளவில் இதற்கு ஓர் உதாரணம் அமெரிக்க அரசே. தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியை 1998-லிருந்து 2003-க்குள் 1,360 கோடி டாலரிலிருந்து 2,700 கோடிக்கு இரட்டிப்பாக்கினார்கள். பல்கலைக்கழகங்கள் கட்டடம் கட்டின, ஆள் எடுத்தன. பிறகு நிதி அதே இடத்தில் நின்றது. அதிகமான ஆட்கள் அதே பணத்துக்கு முட்டிமோதினார்கள். விண்ணப்பம் வெல்லும் விகிதம் சரிந்தது.

சங்கம் எடுத்த வழி நடுவழி. 2014 அக்டோபரில் முதல் தவணையாக 2.17 கோடி டாலரை அறிவித்தது; மீதியைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்தது. ஆர்.டி.ஐ. இன்டர்நேஷனல் என்ற வெளி நிறுவனம் 2019-ல் செய்த மதிப்பீட்டின்படி சங்கத்தின் ஆண்டு ஆய்வு நிதி 187% உயர்ந்தது, அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. பதினோரு மடங்கு இல்லை. அதுதான் சரி.

இதில் ஒரு கணக்குச் சிக்கலும் இருக்கிறது. மூன்றாண்டு மானியம் ஒன்றை ஒப்புக்கொண்டதும், அது நிபந்தனையற்றது என்றால், முழுத் தொகையும் அந்த ஆண்டே செலவாக ஏறிவிடும். கொடுக்கவேண்டிய பாக்கி பொறுப்பாக நிற்கும். ‘முதல் இலக்கை எட்டினால் அடுத்த தவணை’ என்ற நிபந்தனையோடு கொடுத்தால், இலக்கு எட்டும் வரை அது செலவிலேயே வராது. ஆக, கவனமாக நிபந்தனை போட்ட அமைப்பின் ஆண்டறிக்கையில் வங்கி இருப்பு மலைபோல் தெரியும். பார்ப்பவர் ‘பணத்தை அடைகாக்கிறார்கள்’ என்பார். இருப்பை மட்டும் பார்க்காமல், கணக்குக் குறிப்புகளில் நிபந்தனையோடு ஒப்புக்கொண்ட தொகை எவ்வளவு என்று எழுதியிருக்கும் வரியையும் பார்க்க வேண்டும்.

ஒரு மானியம் நடக்கும் வழி

பெரும்பாலான நோய் சார்ந்த அறக்கட்டளைகளில் நடைமுறை ஒன்றுபோல்தான். முதலில் அழைப்பு: எந்தக் கேள்விக்கு, எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு. ஆய்வாளர்கள் ஓரிரு பக்கத்தில் விருப்பக் கடிதம் அனுப்புவார்கள். அதிலேயே பெரும்பகுதி கழிக்கப்படும். முழு விண்ணப்பம் எழுதுவது ஓர் ஆய்வாளரின் பல வார உழைப்பு என்பதால் இந்த வடிகட்டல் கருணையும்கூட. தேறியவர்கள் முழு விண்ணப்பம் தருவார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வெளி நிபுணர்கள் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்காவில் பலரும் அரசு முறையைப் பின்பற்றி 1 முதல் 9 வரை போடுகிறார்கள். 1 சிறந்தது, 9 மோசம். பிறகு குழு கூடிப் பேசி வரிசைப்படுத்தும். விண்ணப்பித்தவரோடு ஒரே நிறுவனத்தில் இருப்பவர், அண்மையில் சேர்ந்து கட்டுரை எழுதியவர், அவர் பேச்சு வரும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும். இயக்குநர் குழு கடைசியில் ஒப்புதல் தரும்.

சிறிய நோய்த்துறையில் இந்த ‘அறையை விட்டு வெளியேறு’ விதி காகிதத்தில் சொல்வதுபோல் எளிதாக நடக்காது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு கூட்டத்தில் பாதிப் பேர் வெளியே நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நுட்பம் தெரியாது. வேறு நோயில் அதே நுட்பத்தைக் கையாளும் ஆளையோ, கட்டாயமாக ஒரு புள்ளியியல் ஆளையோ சேர்ப்பது இதற்கு நல்ல மருந்து.

அடுத்த தகராறு மேல்செலவு. ஆய்வகத்துக்கு மின்சாரம், கட்டடம், எலிக்கூடம், கணக்கர் எல்லாம் வேண்டும். அமெரிக்க அரசு மானியத்தில் பல்கலைக்கழகம் பேசி வாங்கும் மேல்செலவு விகிதம் பல இடங்களில் நேரடிச் செலவில் 50%க்கும் மேல். அறக்கட்டளைகள் பல 10% அளவோடு நிறுத்துகின்றன. 2 லட்சம் டாலர் நேரடிச் செலவுள்ள ஆய்வுக்கு அரசு மேலும் 1 லட்சம் தரும் இடத்தில் அறக்கட்டளை 20,000 தரும். மீதி 80,000-ஐப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போடுகிறது. ‘உங்கள் பணம் ஆய்வுக்கே போகிறது’ என்று நன்கொடையாளரிடம் பெருமையாகச் சொல்ல முடிவதன் பின்னணி இதுதான். செலவு மறையவில்லை, வேறொருவர் தலையில் ஏறியிருக்கிறது.

எலி பிழைத்தது, மனிதன் பிழைக்கவில்லை

ஏ.எல்.எஸ். ஆய்வில் விண்ணப்பத்தைக் கறாராகப் படிக்கவேண்டிய இடம் எலி. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவின் பழுதான பிரதியை ஏற்றிய எலிதான் இத்துறையின் பழைய குதிரை. அதில் ஆயுளை நீட்டியதாக அறிவிக்கப்பட்ட மருந்துகளை ஏ.எல்.எஸ். சிகிச்சை மேம்பாட்டு நிறுவனம் என்ற மாசசூசெட்ஸ் அமைப்பு மறுபடி சோதித்தது. 18,000 எலிகள், 70-க்கும் மேற்பட்ட மருந்துகள், 221 சோதனைகள். 2008-ல் வெளியிட்ட முடிவு: ஒன்றும் தேறவில்லை.

காரணங்கள் சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானவை. குழுவுக்கு ஏழெட்டு எலி மட்டும் வைத்திருந்தார்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரு குழுவுக்கும் சமமாகப் பிரிக்கவில்லை. ஆண் எலி, பெண் எலி வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. நோய்க்குச் சம்பந்தமில்லாமல் செத்த எலியையும் சாவுக் கணக்கில் சேர்த்தார்கள். தலைமுறை போகப் போக ஏற்றிய மரபணுவின் பிரதிகள் சில எலிகளில் குறைந்துபோகும். குறைந்த எலி தானாகவே அதிக நாள் வாழும். அது மருந்துக் குழுவில் விழுந்தால் மருந்து வேலை செய்ததுபோல் தெரியும். மைனோசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக் எலியில் நன்றாகவே தெரிந்தது. 412 நோயாளிகளிடம் சோதித்து 2007-ல் முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்கள் 25% வேகமாகத் தளர்ந்திருந்தார்கள்.

பத்து டாலர் கொடுத்தவருக்கு எலியின் ஈற்றுக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. அவருக்காக அதைப் பார்ப்பதற்குத்தான் மதிப்பீட்டுக் குழு இருக்கிறது.

பொதுச் சொத்தில் போட்ட பணம்

முதல் தவணையின் தேர்வுகளைப் பார்த்தால் அப்போதைய தலைமை விஞ்ஞானி லூசி புரூயினின் கணக்கு புரிகிறது. தனித்தனி ஆய்வகத்துக்குக் கிள்ளிக் கொடுப்பதைவிட, எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புகளில் பெரிய பங்கு. மருத்துவமனைகளும் கம்பெனியும் அறக்கட்டளைகளும் சேர்ந்த மருந்துச் சோதனைக் கூட்டணி ஒன்றுக்கு 1 கோடி டாலர். நியூயார்க் ஜீனோம் மையத்துக்கு 25 லட்சம். இன்னொரு அறக்கட்டளை அதே அளவு ஈடு போட்டது. புராஜெக்ட் மைன் என்ற பன்னாட்டு மரபணு வரிசைத் திட்டத்துக்கு 10 லட்சம்.

புராஜெக்ட் மைன், நெதர்லாந்தின் இரு நோயாளிகள் 2013-லேயே தொடங்கி வைத்தது. 15,000 நோயாளிகள், 7,500 நோயற்றவர்கள் என மொத்தம் 22,500 பேரின் முழு மரபணு வரிசையைப் படிப்பது இலக்கு. ஒவ்வொரு நாடும் தன் பங்குப் பணத்தைத் தானே திரட்ட வேண்டும். அமெரிக்கப் பங்குக்கு வாளிப் பணம் கை கொடுத்தது. 2016 ஜூலையில் 11 நாடுகளைச் சேர்ந்த 80-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் நெக்1 என்ற மரபணுவை அறிவித்தார்கள்; நோயாளிகளில் சுமார் 3% பேரிடம் அதில் மாற்றம் தெரிகிறது.

உடனே ‘ஐஸ் வாளி மரபணுவைக் கண்டுபிடித்தது’ என்று தலைப்புகள் வந்தன. ரத்த மாதிரிகளில் பல அதற்கு வெகு முன்பே சேகரிக்கப்பட்டவை. திட்டமே சவாலுக்கு முந்தியது. அந்த ஆய்வுக்குப் பணம் போட்டவர்கள் பலர். கடைசிச் சில அடிகளைப் பணம் வேகப்படுத்தியது என்பது நேர்மையான வாக்கியம். தலைப்புக்கு அது போதாது. நன்கொடையாளரை மகிழ்விக்க அறக்கட்டளையும் அந்தத் தலைப்பைத் திருத்த அவசரப்படாது. அந்தச் சலுகைக்கு விலை பின்னால் வரும்: மரபணு கிடைத்தாயிற்றே, மருந்து எங்கே என்று மறுவருடம் கேட்பார்கள்.

22 லட்சம் டாலரின் கதை

அமிலிக்ஸ் என்பது பிரவுன் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 2013-ல் தொடங்கிய கம்பெனி. சோடியம் ஃபீனைல்பியூட்டிரேட், டாருர்சோடயால் என்ற இரண்டு பொருள்களைக் கலந்த தூள் அவர்கள் மருந்து; தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டுமே மருத்துவ உலகுக்குப் புதியவை இல்லை. பெரிய கம்பெனி தொடாத, அரசு நிதி தயங்கும் நிலையில் இருந்த கருத்து. அந்தப் பள்ளத்தில் சங்கம் வாளிப் பணத்திலிருந்து 22 லட்சம் டாலர் போட்டது. நிபந்தனை: மருந்து வெற்றி பெற்றால் போட்டதில் 150%, அதாவது 33 லட்சம், ஆய்வு நிதிக்குத் திரும்பி வர வேண்டும்.

சோதனையின் பெயர் சென்டார். 25 மையங்கள், 137 நோயாளிகள், 24 வாரம். அளவுகோல் 12 கேள்விகள் கொண்ட பட்டியல். பேச்சு, உமிழ்நீர், விழுங்குதல், கையெழுத்து, உணவை வெட்டுவது, உடுத்துவது, படுக்கையில் திரும்புவது, நடப்பது, படி ஏறுவது, மூச்சு எனக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. மொத்தம் 48. மருந்து எடுத்தவர்கள் மாதத்துக்கு 1.24 புள்ளி இழந்தார்கள். டம்மி மருந்து எடுத்தவர்கள் 1.66. 24 வார முடிவில் இடைவெளி 2.32 புள்ளி. ஒருவர் தானே சட்டை போட்டுக்கொள்வதற்கும் இன்னொருவர் உதவிக்குக் காத்திருப்பதற்கும் உள்ள தூரம் ஓரிரு புள்ளிதான் என்பதால் இது சின்ன எண் இல்லை. ஆனால் 137 பேரிடம் கிடைத்த 2.32 உறுதியான எண்ணும் இல்லை. தற்செயல் இல்லை என்று சொல்வதற்கான புள்ளியியல் வரம்பை அது தாண்டியது மயிரிழையில்.

இந்த இடத்தில் சங்கம் இரண்டு தொப்பி போட்டுக்கொண்டது. நோயாளிகளின் குரலாக, 50,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு ‘அடுத்த சோதனைக்குக் காத்திருக்காமல் அனுமதி கொடுங்கள்’ என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் போனது. அதே மருந்தில் 150% திரும்பி வரும் ஒப்பந்தமும் அதன் கையில் இருந்தது. இரண்டு ஆண்டில் இறந்துபோகும் நோயாளி மூன்றாம் கட்டச் சோதனை முடியும் வரை எப்படிக் காத்திருப்பார் என்ற வாதம் பலமானது. அதைச் சொல்லும் உரிமை சங்கத்துக்கு நிச்சயம் உண்டு. ஆனால் பணம் போட்டவரே அனுமதி கேட்டுக் கதவைத் தட்டும்போது, அந்தப் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் முதல் வரியில் சொல்ல வேண்டும். தொகைக்கு மேல்வரம்பு வைத்தது, 33 லட்சத்துக்கு மேல் ஒரு காசு வராது என்றிருந்தது, சங்கத்தின் மானத்தைக் காத்தது என்றே சொல்லலாம்.

எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2022 மார்ச்சில் 6-க்கு 4 என்று மறுத்தது. அபூர்வமாக மறுபடி கூடி செப்டம்பரில் 7-க்கு 2 என்று ஆதரித்தது. 2022 செப்டம்பர் 29 அன்று ரெலிவ்ரியோ என்ற பெயரில் அனுமதி. ஆண்டு விலை 1,58,000 டாலர்.

பிறகு ஃபீனிக்ஸ் சோதனை: 664 பேர், 48 வாரம். 2024 மார்ச் 8 அன்று முடிவு வந்தது. மருந்துக்கும் டம்மிக்கும் வேறுபாடு இல்லை. ஏப்ரலில் கம்பெனியே மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது.

22 லட்சம் வீணா? நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. யாரும் துணியாத ஒரு கேள்வியைக் கேட்க வைத்து, கடைசியில் தெளிவான ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிய செலவு அது. வீண் போனது அனுமதிக்கும் ஃபீனிக்ஸுக்கும் இடைப்பட்ட காலத்தில் காப்பீடும் குடும்பங்களும் கொடுத்த பணம்.

வேறு மாதிரி பேரம்

மேல்வரம்பு இல்லாமல் பேரம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 2014-ல் ஓர் உதாரணம் கிடைத்தது. நுரையீரலைப் பாதிக்கும் ஒரு மரபணு நோய்க்கான அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் 2000-ம் ஆண்டு வாக்கிலிருந்தே ஒரு சிறு மருந்துக் கம்பெனியில் நன்கொடைப் பணத்தைப் போட்டது. அந்தக் கம்பெனியை வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் 2001-ல் வாங்கியது. மொத்தம் சுமார் 15 கோடி டாலர் போட்டபின் 2012 ஜனவரியில் கலிடெகோ வந்தது. இந்த மருந்து உண்மையாகவே வேலை செய்தது. விற்பனையில் தனக்கு வரவேண்டிய உரிமைத் தொகையை ஃபவுண்டேஷன் 2014 நவம்பரில் 330 கோடி டாலருக்கு விற்றது.

கேட்கவே காதுக்கு இனிது. ஆனால் அதே மருந்தின் விலை அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் டாலர். விலை கூடினால் உரிமைத் தொகை கூடும்; உரிமைத் தொகை வாங்குபவர் நோயாளிகளின் அமைப்பு. விலையைக் குறை என்று அவர்கள் எந்த வாயால் கேட்பது? உரிமையை மொத்தமாக விற்றுக் கழற்றிக்கொண்டது இந்த நெருடலிலிருந்து வெளியேறும் ஒரு வழியும்கூட. ஒப்பந்தம் போடும்போது நியாய விலை, ஏழை நோயாளிக்கான ஏற்பாடு, கம்பெனி கைவிட்டால் மருந்தை வேறொருவருக்குக் கொடுக்கும் உரிமை ஆகிய மூன்றையும் எழுதி வாங்குவது பணம் கொடுக்கும் முன்தான் முடியும். மருந்து ஜெயித்தபிறகு முடியாது.

வாளிக்கு முந்திய பணம்

2015 ஆகஸ்டில் ஏ.எல்.எஸ். சங்கம் சவாலைத் திரும்ப நடத்திப் பார்த்தது. வந்தது முதல் ஆண்டின் சிறு துளி. வீடியோவுக்காகப் பத்து டாலர் போட்டவர் நோயோடு உறவு கொள்ளவில்லை, நண்பனின் அழைப்போடுதான் உறவு கொண்டார். மாதாமாதம் சிறு தொகை போடும் கூட்டம் வேறு. பெரும்பாலும் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள்.

இன்று ஏ.எல்.எஸ்.க்குக் கையில் நிற்கும் புது மருந்துகளில் ஒன்று டோஃபர்சன். எஸ்.ஓ.டி.1 மரபணு பழுதான, நோயாளிகளில் சுமார் 2% பேருக்கு மட்டும். 100 மில்லிகிராம், முதுகுத்தண்டில் ஊசி வழியாக. முதல் மூன்று ஊசி 14 நாள் இடைவெளியில், பிறகு 28 நாளுக்கு ஒருமுறை. 108 பேரிடம் நடந்த சோதனை 28 வாரத்தில் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆனால் நரம்பு செல் சிதைவதைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் ரத்தத்தில் தெளிவாகக் குறைந்தது. அதை வைத்து 2023 ஏப்ரலில் துரித அனுமதி கிடைத்தது.

பழுதான மரபணுவிலிருந்து புரதம் உருவாவதைக் குறைப்பதுதான் இதன் உத்தி. அதன் வேர் 2006-ல் எலிகளிடம் இந்த உத்தி வேலை செய்வதைக் காட்டிய ஆய்வில் இருக்கிறது. மனிதர்களிடம் முதல் பாதுகாப்புச் சோதனையின் முடிவு வெளியானது 2013-ல். அப்போது இந்த உத்திக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் இதே ஏ.எல்.எஸ். அசோசியேஷன். ஆண்டுக்குச் சில பத்து லட்சம் டாலர் ஆய்வுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்த, யாரும் வீடியோ எடுக்காத ஆண்டுகள் அவை.